தண்ணீர் குடிக்காத பெண்கள்

புனே
10 மார்ச் 2025

அன்புள்ள கிரேஸ் அக்காவுக்கு,

உன் போன்தான் பழுதாகிவிட்டது என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் என் எண்ணை மட்டும் நீ தடுத்து வைத்திருப்பது தெரிந்தது. யேசுதாஸ் மாமாவைக் கூப்பிட்டேன். காட்டுப்பள்ளி கப்பல் தளத்து இரைச்சலுக்கு நடுவில் அவர் கத்தினார்: "உன் பேர எடுத்தாலே எழுந்து போயிடறா எட்வர்ட். என்ன நடுவுல இழுக்காத. எதுனாலும் எழுதிப் போடு, நான் கைல குடுக்கறேன்." அதனால் எழுதுகிறேன். கையால் கடிதம் எழுதி எத்தனையோ வருடம் ஆகிறது. எழுத்து கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள்.

"நீ வந்து கேட்டுக்கினு போனதாலதான் அவங்களுக்கு வேலை போச்சு" என்று சொல்லிவிட்டு நீ போனை வைத்தாய். யாருக்கு, எப்படி என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. உன் கம்பெனியிலிருந்து எனக்கு வந்தது ஒரே ஒரு மின்னஞ்சல். ‘தங்கள் ஆய்வின் அடிப்படையில் பிரஸ் பிரிவில் பெண்களின் பாதுகாப்பு உறுதிசெய்யப்பட்டுவிட்டது, நன்றி’ என்று இருந்தது. அதைப் படித்து நான் சந்தோஷப்பட்டேன் அக்கா. என் பேராசிரியரிடம் காட்டினேன். நிர்வாகப் படிப்பில் செய்யும் ஆராய்ச்சி லாபத்துக்கு மட்டும்தான் என்பவர்களுக்கு இதுதான் பதில் என்று அவர் வகுப்பிலேயே சொன்னார்.

போன கோடையில் நான் அங்கே கேட்டது என்ன? பிரஸ் பிரிவில், காருக்கான ரப்பர் பாகங்களை அச்சில் அழுத்தி வார்க்கிற அந்தச் சூட்டில் மனிதர்களுக்கு என்ன ஆகிறது, அதனால் வேலை எப்படிக் கெடுகிறது, கம்பெனி என்ன செய்யலாம், இவ்வளவுதான். ஓய்வு வேண்டும், கூரையில் காற்று போக வழி வேண்டும், குடிநீர் பக்கத்தில் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். யாரையும் வெளியே அனுப்பச் சொல்லவில்லை.

இங்கே ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. நூலகத்துக்குப் போகிறேன், புத்தகத்தைத் திறக்கிறேன், மூடிவிட்டு எழுந்து வருகிறேன். திட்டுவதாக இருந்தாலும் எழுது.

எட்வர்ட்


கவரைப்பேட்டை
19 மார்ச் 2025

எட்வர்ட்,

உன் கடிதத்தை உன் மாமா டிவி மேல் வைத்துவிட்டுப் போனார். இரண்டு முறை துடைக்கும்போது நகர்த்தி வைத்தேன். மூன்றாம் முறை பிரித்துவிட்டேன்.

வாட்ஸ்அப்பில் பதில் போட்டிருப்பேன். ஆனால் இப்போது கம்பெனியில் யார் எதை எழுதினாலும் யாராவது அதைப் படம் பிடித்து எச்.ஆர். வரைக்கும் அனுப்பிவிடுகிறார்கள். அதனால் நானும் தாளிலேயே எழுதுகிறேன்.

பொங்கல் முடிந்து ஒரு திங்கட்கிழமை, ஷிப்ட் தொடங்கும் முன்பு எச்.ஆர். மோகன்ராஜ் சார் பிரஸ் பிரிவுப் பெண்களை எல்லாம் கேன்டீனில் உட்காரவைத்தார். உன் அறிக்கையின் முதல் பக்கத்தைத் திரையில் போட்டார். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் மயங்குகிறார்கள் என்று பட்டை பட்டையாகப் படம். பெண்களின் பட்டை நீளம். "இத நாங்க சொல்லலம்மா. பெரிய காலேஜ்ல ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க. உங்க நல்லதுக்குத்தான்" என்றார். எல்லாரும் கான்ட்ராக்ட் பெண்கள். நாளையிலிருந்து வர வேண்டாம், பேக்கிங்கில் இடம் வந்தால் கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் இடத்தில் ஒடிசாவிலிருந்து ஆண்களை இறக்கினார்கள். நான் நிரந்தரம் என்பதால் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றி, அங்கேயும் லைன் லீடராகவே வைத்தார்கள்.

நீ ரெக்கார்டரோடு வந்து உட்கார்ந்த முதல் நாள் யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் நான்தான் ஒவ்வொருத்தியாகக் கூட்டிவந்து, "நம்ம தம்பிதான், பயப்படாம சொல்லுங்க" என்று உட்காரவைத்தேன். அதற்குப் பிறகுதான் பேசினார்கள்.

போன வாரம் ஸ்நேகாவை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். பிரஸ் பிரிவில் எல்லாரையும் சிரிக்கவைக்கிற பெண்ணே அவள்தான். "இன்னாக்கா, உன் தம்பி எங்க வாயப் புடுங்கிக்கினு போனான். அவன் பெரிய ஆளாய்ட்டான், நீ பேக்கிங்ல ஏசி காத்துல நிக்கற. நாங்க எங்க போறது?" என்றாள். கோயிலில் எப்போதும் என் பக்கத்தில் உட்காருகிற ரோசம்மாள் இப்போது தூணுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறாள்.

நீ எழுதியது உண்மையாகவே இருக்கட்டும். அந்தப் பட்டையை எதற்கு முதல் பக்கத்தில் போட்டாய்?

கிரேஸ்


புனே
27 மார்ச் 2025

அக்கா,

அவசரமாகப் படிக்கிறவர்களின் கண்ணில் படுவதைத்தான் முதல் பக்கத்தில் போட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பெண்கள் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள் என்று பார்த்தால் கம்பெனி அவர்களுக்காக ஏதாவது செய்யும் என்று நம்பினேன். செய்தார்கள்.

ஆனால் ஏன் மயங்குகிறார்கள் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது, சத்தியமாக. கழிப்பறை கட்டடத்தின் மறுகோடியில். போவதற்கு சூபர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டும். எல்லார் முன்னாலும் கேட்கக் கூச்சம், அடிக்கடி கேட்டால் வசவு. அதனால் ஷிப்ட் முடியும்வரை தண்ணீர் குடிப்பதே இல்லை என்று ஸ்நேகா சொன்னாள், ரோசம்மாள் அக்கா சொன்னார், ஏறக்குறைய எல்லாருமே சொன்னார்கள். தண்ணீர் குடித்த பெண்கள் ஆண்கள் அளவுக்குத்தான் தாங்கினார்கள், ஆண்கள் அளவுக்குத்தான் மயங்கினார்கள். மோகன்ராஜ் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

ஒரு யோசனை இருக்கிறது. புதிதாக வந்த ஆண்களும் இந்தச் சூட்டில் நிலைக்க மாட்டார்கள். கெட்டுப்போகும் பாகங்கள் கூடும், ஆள் ஓடிப்போவான், புது ஆளைப் பழக்க வேண்டும். அதையெல்லாம் கணக்கிட்டு, பெண்களை அனுப்பியதால் கம்பெனிக்கு என்ன நஷ்டம் என்று ஒரு விளக்கம் தயாரிக்கிறேன். அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொன்னால் கேட்பார்கள். பழுதான பாகங்களின் விவரம் மட்டும் எனக்கு வேண்டும். பேக்கிங்கில் உன் கண்ணில் படுமே?

எட்வர்ட்


கவரைப்பேட்டை
8 ஏப்ரல் 2025

எட்வர்ட்,

விவரம் தர மாட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, உலையில் அரிசியைப் போட மறந்து வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டுக்கொண்டு நின்றிருந்தேன். அவ்வளவு கோபம். ஸ்நேகா வேண்டும், ஏனென்றால் அவள் இல்லாவிட்டால் கம்பெனிக்கு நஷ்டம். அப்படித்தானே சொல்லப்போகிறாய்? நாளைக்கு மெஷின் வந்து நஷ்டம் இல்லை என்று ஆனால்? அப்பா அறுப்புக்குப் போன காலத்தில் நிலத்துக்காரர் "இன்னிக்கு எத்தன தல?" என்றுதான் கேட்பாராம். நீ அவ்வளவு தூரம் போய்ப் படித்து, அதையே படம் போட்டுக் காட்டப்போகிறாய்.

இங்கே இன்னொன்று நடந்தது. மோகன்ராஜ் சார் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். பிரஸ் பிரிவுப் பெண்கள் உடல்நிலை காரணமாகத் தாங்களாகவே விலகக் கேட்டுக்கொண்டார்கள், அதற்கு லைன் லீடராக நான் சாட்சி என்று அதில் இருந்தது. எங்கள் பாகங்களை வாங்குகிற வெளிநாட்டு கார் கம்பெனியிலிருந்து பார்வையிட வருகிறார்களாம். "ஒரு கையெழுத்துதான் கிரேஸ். உங்க தம்பி ஆராய்ச்சிக்கும் நல்ல பேருதான?" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். உன் மாமாவிடம் கேட்டேன். "போட்டா நீ அங்க இருப்ப. போட்டப்புறம் ஊட்ல இருக்க முடியுமா, அத நீதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். மறுநாள் தாளை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து நான் எங்கே நின்றாலும் பின்னால் ஒரு சூபர்வைசர் நிற்கிறார்.

உனக்கு உண்மையிலேயே ஏதாவது செய்ய வேண்டுமென்றால் ஒன்று செய். அந்த அறிக்கையை முழுசாகத் தமிழில் எழுதி அனுப்பு. சொன்னவர்களுக்கே தாங்கள் சொன்னது என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. பட்டையை மட்டும் பார்த்தார்கள். அதில் தாங்கள் பலவீனமானவர்கள் என்று இருந்ததாகத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

கிரேஸ்


புனே
22 ஏப்ரல் 2025

அக்கா,

நீ சொன்னது எனக்கு வலித்தது, ஆனாலும் முழுதாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. கம்பெனிக்காரர்கள் வேறு எந்த மொழியில் கேட்பார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது. கருணையைப் பற்றிப் பேசினால் கருணையாக ஒரு படத்தைப் போட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சரி, இதில் நாம் அப்புறம் சண்டை போடலாம்.

இத்துடன் அறிக்கை இருக்கிறது, தமிழில். சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்தேன், முடியவில்லை. ஆங்கிலத்தில் நான் எழுதியிருந்த ஒரு வாக்கியத்தில் யாருமே இல்லை; நீர் அருந்துதல் குறைவாக இருந்தது, அவ்வளவுதான். தமிழில் எழுத உட்கார்ந்தால் யார் குடிக்கவில்லை, யார் குடிக்கவிடவில்லை என்று எழுதாமல் வாக்கியம் நிற்க மாட்டேன் என்கிறது. பல இடங்களில் அப்படி ஆயிற்று.

பேராசிரியரிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறேன். கம்பெனி அனுமதி இல்லாமல் நான் எதையும் பத்திரிகைகளில் வெளியிட முடியாது, அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் ஆய்வில் பேசியவர்களுக்கு முடிவைச் சொல்வேன் என்று முதல் நாளே எல்லார் முன்னாலும் சொன்னேன், கல்லூரியும் அதற்கு ஒப்புக்கொண்டது. பேராசிரியர், "அனுப்பு, அது உன் கடமை. ஆனால் அந்தக் கம்பெனி இனி உனக்குக் கதவைத் திறக்காது. உன் ஆய்வில் பாதி அதை நம்பித்தான் இருக்கிறது, அதையும் யோசித்துக்கொள்" என்றார். யோசித்தேன். தபால் நிலையத்துக்குப் போய்த் திரும்பி வந்து, மறுபடி போனேன்.

ஒரு வேண்டுகோள். நீ படிக்காதே. வேறு யாரிடமாவது கொடுத்துவிடு. உன் வேலையும் போய்விட்டால் அம்மா முகத்தில் நான் எப்படி விழிப்பது?

எட்வர்ட்


கவரைப்பேட்டை
12 மே 2025

தம்பி,

நான்தான் படித்தேன்.

மே நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில், சைக்கிள் நிறுத்துகிற தகரக் கொட்டகையில் கூடினோம். இந்துப் பெண்களும் வந்திருந்தார்கள். ஸ்நேகா வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்து, தூரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெயில் அப்படி அடித்தது. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரிதான் படித்தேன், நாக்கு ஒட்டிக்கொண்டது.

டோக்கன் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்ற இடம் வந்ததும் ரோசம்மாள் எழுந்துவிட்டாள். "இரு இரு. இது நான் சொன்னது. என் வாயால சொன்னது அப்டியே இருக்குது பாரு" என்று எல்லாரையும் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் குடித்தவர்கள் ஆண்கள் அளவுக்குத் தாங்கினார்கள் என்று படித்தேன். ஸ்நேகா கிட்டே வந்து என் கையிலிருந்து தாளை வாங்கி, அந்த வரியைத் தானே இன்னொரு தடவை படித்தாள். "அப்ப எங்க ஒடம்புல ஒரு கோளாறும் இல்ல. இத அன்னிக்கி ஏன்கா ஸ்கிரீன்ல போடல?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

தேவையில்லாத ஆள் ஆகிவிட்டோம் என்று ஒவ்வொருத்தியும் வீட்டுக்குள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். சிலருக்கு வீட்டில் புருஷனே அப்படிச் சொல்லியிருக்கிறான்.

அந்த வாரமே எல்லாரும் தேர்வாய் கண்டிகைக்குப் போய் கம்பெனி கேட் முன்னால் நின்றார்கள். கோஷம் எதுவும் இல்லை. தாளைக் கொடுத்துவிட்டு, "முழுசா படிங்க சார்" என்றார்கள். நானும் ஷிப்டை விட்டு வெளியே வந்து அவர்களோடு நின்றேன். மோகன்ராஜ் சார் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத யாரு குடுத்தது?" என்றார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான். "நான் சார்" என்றேன்.

சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். அம்மா முகத்தில் விழிக்க நீ பயப்பட ஒன்றும் இல்லை. விஷயம் தெரிந்ததும் அம்மா, "நாஷ்டா துன்னியா?" என்றுதான் கேட்டாள்.

இப்போது வீட்டில் சும்மா இருக்கிறேன். சும்மா இருக்கத் தெரியவில்லை. காலையில் கம்பெனி பஸ் வருகிற நேரத்துக்குக் கால் தானாக வாசலுக்குப் போகிறது.

கிரேஸ்


புனே
26 மே 2025

அக்கா,

பிரஸ் பிரிவில் நடந்தது உனக்கு முன்பே தெரிந்திருக்கும். எனக்கு அந்த ஆலையின் தலைமை அதிகாரியே போன் செய்து சொன்னார். ஒடிசாவிலிருந்து வந்த பிகாஷ் என்பவர் மயங்கி, சூடான அச்சின் மேல் கை வைத்தபடி விழுந்திருக்கிறார். விரல்களைக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் அந்தக் கையால் இனி பழையபடி வேலை செய்ய முடியுமா என்று தெரியவில்லையாம். கார் கம்பெனிக்காரர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அதன் பிறகுதான் அறிக்கையின் பக்கத்தைத் திருப்பிப் படித்திருக்கிறார்கள்.

வீடியோவில் கூப்பிட்டுப் பேசினார்கள். நான் தயாரித்து வைத்திருந்த நஷ்டக் கணக்கைத் திறக்கவில்லை. பிகாஷின் கையைப் பற்றிப் பேசினேன், டோக்கனைப் பற்றிப் பேசினேன். ஓய்வு இடைவேளை விடுகிறோம், டோக்கனை எடுத்துவிடுகிறோம், பக்கத்திலேயே கழிப்பறை கட்டுகிறோம் என்றார்கள். பெண்களைத் திரும்பக் கூப்பிடுகிறார்களாம். அவர்களுக்கும் ஆள் கிடைக்கவில்லை என்பது தெரிந்தது.

உன்னை எப்போது வேலைக்குத் திரும்ப எடுப்பீர்கள் என்று கேட்டேன். "அது ஒழுங்கு நடவடிக்கை, அது வேறு விஷயம்" என்றார் அதிகாரி. அதே மூச்சில், பக்கத்தில் இருக்கிற தங்கள் இரண்டாவது யூனிட்டிலும் இதே ஆய்வைச் செய்து தர முடியுமா என்று கேட்டார். நான் திரையை மூடிவிட்டேன். அவர்களுடைய மின்னஞ்சல்களுக்கும் பதில் போடப்போவதில்லை. உன்னை உள்ளே எடுக்கும்வரை அந்த கேட்டுக்குள் கால் வைக்க மாட்டேன். பேராசிரியரிடமும் சொல்லிவிட்டேன்.

எட்வர்ட்


கவரைப்பேட்டை
22 ஜூன் 2025

அன்புள்ள தம்பிக்கு,

பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். சும்மா போகவில்லை. ஓய்வு தங்களுக்கு மட்டும் என்றால் வேண்டாம், ஒடிசாக்காரர்களுக்கும் உண்டு என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிலேயே நின்றார்கள். ரோசம்மாள்தான் பேசினாளாம். "அந்த ஒடிசா நைனா கை வெந்ததக் கேட்டப்புறம் நாங்க மட்டும் எப்டி சார் குந்தறது?" என்றாளாம். முதல் நாள் இடைவேளை மணி அடித்ததும் யாரும் உட்காரவில்லை, ஏதோ தப்பு செய்கிற மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். ஸ்நேகா போன் செய்து சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள், "நீ இல்லாம நல்லாவே இல்லக்கா" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு உத்தரவு வந்துவிட்டது. விசாரணை முடிந்தது, வேலை இல்லை. உன் மாமா யூனியன் வக்கீலைப் பார்த்திருக்கிறார். வழக்கு போடலாம், வருஷக்கணக்கில் போகும் என்கிறார். போடத்தான் போகிறேன். செவ்வாப்பேட்டையில் ஒரு தையல் கம்பெனியில் ஆள் கேட்கிறார்கள், அதையும் பார்த்துவிட்டு வந்தேன். போகவர நாள் முழுக்க ரயிலிலேயே ஓடிவிடும். பார்க்கலாம்.

நேற்று மோகன்ராஜ் சார் போன் செய்தார். வெட்கமே இல்லை. "உங்க தம்பி எங்க மெயிலுக்கு பதிலே போடலயாம். நீங்க கொஞ்சம் சொல்லக் கூடாதா கிரேஸ்?" என்றார். திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் எனக்கு வேறு யோசனை வந்துவிட்டது. "சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டேன்.

அதைத்தான் சொல்கிறேன். போ. அந்த ஆய்வைச் செய்.

எனக்காக நீ கேட்டில் கால் வைக்காமல் இருப்பது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு நாள் அந்தக் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஆனால் இரண்டாவது யூனிட்டிலும் டோக்கன்தான் எட்வர்ட். அங்கேயும் தண்ணீர் குடிக்காமல்தான் நிற்கிறார்கள். உன் கோபத்தால் அவர்களுக்கு என்ன ஆகும்? நீ போகாவிட்டால் வேறு யாராவது வந்து முதல் பக்கத்துக்கு மட்டும் படம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். முடிவைப் பெண்களிடம் தமிழில் படித்துக் காட்டிய பிறகுதான் கம்பெனிக்குக் கொடுப்பேன் என்று அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போ. என்னைப் பற்றி அங்கே பேசாதே. என் வழக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்று மாலை இரண்டாவது யூனிட் பெண்கள் ஏறுகிற பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று போய் நின்ற பிறகுதான் யோசித்தேன். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் நேராகக் கடைக்குப் போய் வாட்டர் பாக்கெட் வாங்கிப் பல்லால் கடித்துக் குடித்தார்கள். ஒருத்தியிடம், "ஒருத்தர் வந்து கேள்வி கேப்பாரு. பதில் சொல்லுங்க. ஆனா எழுதினத எங்களுக்குப் படிச்சிக் காட்டுவியான்னு மொதல்ல கேட்டுக்கோங்க" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ யாருக்கா? எந்த செக்ஷன்?"

கை தானாக அடையாள அட்டையைத் தேடிக் கழுத்துக்குப் போனது. கழுத்தில் ஒன்றும் இல்லை. "பக்கத்து யூனிட்ல இருந்தேன்" என்றேன். "இருந்தியா? இப்ப?" என்றாள். அதற்குள் ஷேர் ஆட்டோ வந்துவிட்டது. அவள் ஏறி உட்கார்ந்தாள். அப்புறம் கொஞ்சம் நகர்ந்து, இருக்கையில் எனக்கு இடம் விட்டு, "வா, பேசிக்கினே போலாம்" என்றாள்.

ஏறிவிட்டேன். நம் வீட்டுக்கு எதிர்த் திசையில் போகிற ஆட்டோ. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருத்தி இறங்க, மற்றவர்கள் டோக்கனையும் சூட்டையும் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் நானும் டிரைவரும்தான் மிச்சம்.

இவர்களையும் பேசவைத்து மாட்டிவிடுகிறேனோ என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. சீக்கிரம் வா.

அக்கா